ஏரியைப் பிரித்த கோடு



மலாக்காவின் வடக்கே லிங்கி ஆறு. அதற்கு அப்பால் நெகிரி செம்பிலான். தெற்கே கெசாங் ஆறு. அதைக் கடந்தால் ஜொகூர். ஆறு கண்ட இடத்தில் எல்லை போடுவது அரசுகளின் பழைய வழக்கம். ஆனால் நீருக்கும் மீனுக்கும் அந்த எல்லை தெரியாது. இதனால் வரும் தொல்லையையும் அதற்கு மனிதர் தேடிய வழியையும் அறிய, தமிழகத்தின் வடகோடியிலுள்ள பழவேற்காட்டு ஏரியைப் பார்ப்போம்.

பழவேற்காடு நமக்கு அந்நிய ஊர் அன்று. மலாக்கா சுல்தான்கள் ஆண்ட காலத்திலேயே அவ்வூர்த் துணிகள் கப்பலேறி இங்கு வந்து விலையாயின. பின்னர் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். அதே டச்சுக்காரர்கள் 1641இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றினார்கள். 1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்த உடன்படிக்கையால் பழவேற்காடு, மலாக்கா இரண்டுமே ஆங்கிலேயர் கைக்கு மாறின. அந்த உடன்படிக்கைதான் மலாக்கா நீரிணையின் இக்கரையை ஒருவருக்கும், சுமத்திராவாகிய அக்கரையை மற்றவருக்கும் என்று பிரித்தது. இரு கரையிலும் வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

பழவேற்காட்டு ஏரிக்கு இத்தகைய கோடு 1953 அக்டோபர் முதல் நாள் வந்தது. அதுவரை ஏரி முழுவதும் சென்னை மாகாணத்தில் இருந்தது. அன்று ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்தது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. தென்கோடியில் சிறு பகுதியே தமிழர் பக்கம் தங்கியது.

இனி, இயற்கை செய்திருக்கும் ஏற்பாட்டைக் கவனியுங்கள். இது உவர்நீர் ஏரி. ஸ்ரீஹரிகோட்டா என்ற நீண்ட தீவு ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்து நிற்கிறது. ஏரிக்கு நன்னீர் தரும் ஆரணி ஆறு ஆந்திர மலைகளில் பிறந்து தமிழக மண்ணில் ஓடி வருகிறது. கடல்நீர் நுழையும் முக்கியமான முகத்துவாரமோ பழவேற்காட்டு ஊரருகே, தமிழகப் பக்கம் இருக்கிறது. கடலில் பொரிக்கும் இறால் குஞ்சுகள் அவ்வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. கோடையில் மணல் மூடி முகத்துவாரம் அடைபட்டால் தமிழ் மீனவருக்கும் இறால் இல்லை, தெலுங்கு மீனவருக்கும் இல்லை. ஆற்று நீர் மேலே தடைபட்டாலும் இருவர் உலையும் கொதிக்காது.

ஏரியைப் பகிர்ந்துகொள்ளும் வித்தையை அங்குள்ளோர் அரசாங்கத்திடம் கற்கவில்லை. தமிழகப் பக்கத்து மீனவக் குப்பங்களில் 'பாடு' என்ற முறை நெடுங்காலமாக இருக்கிறது. நல்ல மீன்பாடுள்ள இடங்களை ஒருவரே வளைத்துக்கொள்ள முடியாது. முறைவைத்து, இன்று ஒருவர், நாளை வேறொருவர் என்று வலை போடுவார்கள். மீறுபவரை ஊர்ப் பஞ்சாயத்து விசாரிக்கும். இதில் குறையும் உண்டு. பாட்டு உரிமை குறிப்பிட்ட சமூகத்தாருக்கே உரியது. மற்றவர்கள் வெளியே நின்றார்கள். அதனால் சச்சரவும் வந்தது. மேலும், ஒரு குப்பத்தின் பஞ்சாயத்துச் சொல் மாநில எல்லையைத் தாண்டிச் செல்லாது. ஆகவே எல்லை தாண்டி வலை போட்டதாக இரு மாநில மீனவரும் மோதிக்கொண்டதுண்டு.

பறவைகளுக்கும் இதே கதைதான். ஏரிக்கு வரும் பூநாரைகளைக் காக்க ஆந்திரம் 1976இலும் தமிழ்நாடு 1980இலும் தனித்தனியே சரணாலயம் அமைத்தன. பறவைக் கூட்டம் ஒன்று, காவல் இரண்டு!

உலகில் வேறு வழி கண்டவர்களும் இருக்கிறார்கள். எல்லை நீர்களைப் பற்றி அமெரிக்காவும், கனடாவின் சார்பில் பிரிட்டனும் 1909இல் ஒப்பந்தம் செய்து, அமெரிக்கரும் கனடியரும் அமரும் கூட்டு ஆணையம் அமைத்தன. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி மீன்வளத்துக்காக கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்றும் 1994இல் ஒரு பொது அமைப்பை உண்டாக்கின. சண்டை வந்தபின் கூடுவதை விட, கூடுவதற்கு நிலையான ஓர் இடம் இருப்பது மேல் என்பதே அவர்கள் கண்ட பாடம்.

நமக்கென்ன இதில் என்று கேட்கலாம். 1991இல் டுரியான் துங்கல் நீர்த்தேக்கம் வறண்டு மலாக்கா தவித்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நெகிரி செம்பிலானில் பிறந்து ஜொகூரில் ஓடும் மூவார் ஆற்றின் நீரும் மலாக்காவுக்கு வேண்டியிருக்கிறது. மேலே இருப்பவர் ஆற்றைக் கெடுத்தால் கீழே இருப்பவர் குடம் கெடும். நம் தோட்டத்து வாய்க்காலில் நாம் கொட்டுவதும் யாரோ ஒருவர் குடத்தைத் தேடித்தான் போகிறது.

நீரடித்து நீர் விலகாது என்பார்கள். கோடு போடுவது நிலத்துக்குப் பொருந்தலாம். நீருக்குப் பொருந்துவது முறைவைப்புதான்.