குருதியின் நோயும் ஆசானின் கையும்

செங்கற்பட்டிலிருந்து தெற்கே செல்லும் திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையில், மதுராந்தகத்தை அடையுமுன் வரும் ஊர் கருங்குழி. இன்று அமைதியாகத் தோன்றும் இவ்வூரில் ஒரு காலத்தில் வலிமை மிக்க கோட்டை ஒன்று இருந்தது. ஹைதர் அலியின் படையினர் வசமிருந்த அக்கோட்டையை 1781ஆம் ஆண்டு ஆங்கிலக் கும்பினிப் படை கைப்பற்றியது. போரில் சிந்திய குருதியை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. ஆனால் வாளும் வேலும் இன்றி, ஓடி விளையாடும் பாலகன் தடுக்கி விழுந்த அளவிலேயே குருதி கசிந்து நில்லாமற் போகும் துயரத்தைப் போர் வரலாறுகள் எழுதுவதில்லை. அதனை எழுதியவர்கள் மருத்துவர்களே.

அவர்களுள் முன்னவர், ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் 936ஆம் ஆண்டளவில் பிறந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ ஆவார். ஒரு சிற்றூரில் காயம்பட்ட ஆண்கள் குருதி நில்லாமல் மாண்டு போவதையும், ஈற்றைத் தேய்த்ததால் குருதி வடிந்த சிறுவனும் அவ்வாறே உயிரிழந்ததையும் முப்பது பகுதிகள் கொண்ட தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் அவர் பதிவு செய்தார். இன்று ஹீமோஃபீலியா என்று நாம் அழைக்கும் நோயைப் பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளுள் இது ஒன்றாகும்.

அந்நூலை அவர் தம் மாணவர்களுக்காகவே எழுதினார். அவர்களைத் தம் பிள்ளைகள் என்றே அழைத்தார். ஆசானிடம் ஓதி, அவரது இஜாஸாவைப் பெற்ற பின்னரே பிறருக்குக் கற்பிக்கும் மரபு நம் மதரஸாக்களுக்குப் புதிதன்று. குருதி நோய் மருத்துவமும் அத்தகைய மரபால் வளர்ந்ததே என்பதற்கு நம் அருகிலுள்ள வேலூர் சான்றாக நிற்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மம்மன் சாண்டி, ஆஸ்திரேலியா சென்று குருதியியலில் தேர்ச்சி பெற்றுத் தாயகம் திரும்பினார். இந்தியாவின் முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1983இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையில் நடந்திருந்தது. 1986இல் வேலூரிலும் சாண்டியின் குழுவினர் அதனைத் தொடங்கினர். தலசீமியாவால் வாடிய நோயாளிக்கு அச்சிகிச்சை அளிக்கப்பட்டது.

ஆயினும் அவர் செய்த பெரும்பணி சிகிச்சையோடு முடியவில்லை. அடுத்த தலைமுறையை உருவாக்கியதே அதனினும் பெரிது. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, கண்ணாடித் தகட்டில் மெல்லெனப் பரப்பி, சாயமேற்றி நுண்ணோக்கியில் நோக்கும்போது, நோயுற்ற அணு எது, நோயற்ற அணு எது என்பதை நூல் மட்டும் காட்டித் தராது. இருவர் ஒருசேரக் காணும் நுண்ணோக்கியில் ஆசான் ஒரு முனையிலும் மாணவன் மறுமுனையிலும் அமர்ந்தே அக்கல்வி கைமாறுகிறது. இளநிலை மருத்துவப் படிப்புக்கு ஐந்தரை ஆண்டு, முதுநிலைக்கு மூன்றாண்டு, அதன்மேல் குருதியியலுக்கு மேலும் மூன்றாண்டு. இத்தனை ஆண்டுகள் கற்றபின்னும், முதன்முதலாகத் தனித்து நின்று முடிவெடுக்கும் இளம் மருத்துவருக்கு, ஐயம் நேரும் இரவில் தொலைபேசியில் கேட்க ஓர் ஆசான் வேண்டும்.

வேலூர்த் துறையின் கனிகள் பல. ஒருவகைக் குருதிப் புற்றுநோய்க்கு, ஏழைகளால் தாங்கவியலாத மருந்துகளின்றி ஆர்செனிக் மருந்தைக் கொண்டே நோய் தீர்க்கலாம் என்று விக்ரம் மேத்யூஸ் குழுவினர் 2006இல் எழுதினர். அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழுவினர், கடும் ஹீமோஃபீலியா உற்ற ஐவருக்கு மரபணுச் சிகிச்சை அளித்தனர். கண்காணித்த காலமெங்கும் அவர்களுக்குக் குருதிக் கசிவு நேரவில்லை என்று 2024 டிசம்பரில் வெளியான ஆய்வுரை கூறிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸஹ்ராவீ கண்ட அவ்வூராருக்குக் கிடைக்காத விடை இது!

இச்செய்தி நம் குடும்பங்களுக்கும் உரியது. உறவினுள் மணம் செய்யும் வழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. தாய் தந்தை இருவருமே தலசீமியாவின் குறையைத் தம் உடலில் மறைவாகத் தாங்கியிருப்பின், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு அந்நோய் வெளிப்படும் வாய்ப்புண்டு. எளிய குருதிச் சோதனை ஒன்று இதனை நிக்காஹுக்கு முன்னரே அறிவித்துவிடும். அதனைச் செய்வதில் இழிவில்லை.

நம் பிள்ளைகள் மருத்துவம் பயிலச் செல்வதில் நாம் பெருமை கொள்கிறோம். கற்று முடிந்ததும் வருவாயை மட்டும் எண்ணாது, சிலரேனும் ஓர் ஆசானின் அருகே அமர்ந்து குருதியியலைக் கற்று ஊர் திரும்ப வேண்டும். கருங்குழியிலிருந்து வேலூர் நெடுந்தொலைவன்று. ஆயினும் மாதந்தோறும் குருதி ஏற்றிக்கொள்ள வேண்டிய குழந்தையைத் தோளில் சுமந்து செல்லும் தாய்க்கு அது நெடுந்தொலைவே. அத்தொலைவைக் குறைப்பது சாலையன்று. கற்றவர் தமக்குப் பின் வருவோர்க்குக் கற்பிப்பதே ஆகும்.