லீசிக் கோயிலின் கூரை போய்வந்த வழி

சைப்ரஸ் தீவின் மெசோரியா சமவெளியில், லீசி கிராமத்துக்கு வெளியே ஒரு சின்னக் கற்கோயில் இருக்கிறது. புனித யூஃபெமியானோஸ் பெயரால் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கட்டியது. 13-ஆம் நூற்றாண்டில் தீவை ஆண்டவர்கள் கத்தோலிக்க லுசின்யான் மன்னர்கள். கிராமத்தார் அதைப் பொருட்படுத்தாமல் தங்கள் மரபுப்படியே படம் எழுதவைத்தார்கள். குவிமாடத்தில் உலகாளும் கிறிஸ்து, அவரைச் சுற்றி வானதூதர்கள்; பலிபீடத்துக்கு மேலுள்ள அரைமாடத்தில் இரு தலைமைத் தூதர்களுக்கு நடுவே மரியன்னை. ஏழு நூற்றாண்டு அவை அங்கேயே இருந்தன.

1974-ல் துருக்கியப் படை தீவின் வடபகுதியைப் பிடித்தது. லீசியின் கிரேக்கர்கள் தெற்கே ஓடினார்கள். காவலில்லாத கோயிலுக்குள் புகுந்த திருடர்கள் தொழில் தெரிந்தவர்கள். ஓவியத்தின்மேல் பசை தடவித் துணியை ஒட்டி, 38 துண்டுகளாக வெட்டி உரித்தெடுத்தார்கள்.

1983-ல், மியூனிக்கில் ஒரு துருக்கிய வணிகர் அவற்றை டொமினிக் டி மெனில் என்ற அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளரிடம் காட்டினார். துருக்கியில் கட்டட வேலையின்போது கிடைத்தவை என்று கதை. அம்மையார் விசாரித்தார்; லீசி என்று தெரியவந்தது. சைப்ரஸ் திருச்சபையின் சம்மதத்தோடு, அதன் சார்பிலேயே வாங்கினார். பணம் தப்பான கைக்குத்தான் போனது. ஆனாலும் அவர் செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது. விட்டிருந்தால் ஒரு தூதர் ஜெனீவாவிலும் இன்னொருவர் நியூயார்க்கிலும் ஏதோ வரவேற்பறையில் தொங்கியிருப்பார்கள்.

லண்டனில் துண்டுகளைச் சேர்க்கச் சில ஆண்டுகள் பிடித்தன. விரிசலை ஒட்டுவதோடு வேலை முடியவில்லை. குவிமாடத்திலிருந்து உரித்தவற்றுக்கு மறுபடி அந்த வளைவைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

திருச்சபை அவற்றை நீண்டகாலக் கடனாக, அம்மையார் வாழ்ந்த அமெரிக்க நகரமான ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. டொமினிக்கின் மகன் ஃபிரான்சுவா அங்கே ஒரு கட்டடம் எழுப்பினார். லீசிக் கோயிலைக் கல்லில் நகலெடுக்காமல், அதன் வடிவத்தை மட்டும் கண்ணாடிப் பலகைகளில் காட்டினார். நேர்மையான முடிவு. 1997-ல் திறந்த அக்கட்டடத்தில் வழிபாடும் நடந்தது. அதே ஆண்டு மியூனிக் போலீசார் அந்த வணிகரின் இருப்பிடத்தைச் சோதித்தபோது, மற்ற சைப்ரஸ் கோயில்களின் திருட்டுப் பொருட்கள் பெட்டி பெட்டியாக அகப்பட்டன.

2012 மார்ச்சில் ஹூஸ்டனில் கடைசி வழிபாடு நடந்தது. ஓவியங்கள் நிக்கோசியாவின் பைசாந்திய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கிருந்து லீசிக்குக் காரில் போய்வந்துவிடலாம், இடையே ஐ.நா. படை காக்கும் கோட்டைக் கடக்க வேண்டும். பார்வையாளர்கள் கடக்கலாம். ஓவியத்தை இப்போதைக்கு யாரும் அந்தப் பக்கம் அனுப்பப்போவதில்லை.