உமட்டியர் கூந்தல்

பத்துப்பாட்டில் மூன்றாவதாக வைக்கப்பெற்றுள்ள சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. திண்டிவனத்தை அடுத்த கிடங்கில் அவனுடைய ஊர். அவன் நாட்டுக் கடற்கரைப் பட்டினமாக அப்பாட்டில் இடம்பெறும் எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்று அறிஞர் பலர் கொள்வர். இச்செய்தியை நம் வட்டாரத்தார் பெருமையோடு எடுத்துக்கூறுவது வழக்கம். ஆனால் அதே பாட்டில் உள்ள இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கொற்கையைச் சிறப்பிக்குமிடத்தில் புலவர் நல்லூர் நத்தத்தனார், உப்பு வணிகராகிய உமணரின் வண்டிகளோடு வந்த ஒரு மந்தியையும், அம்மந்தியோடு விளையாடும் சிறுவர்களையும் காட்டுகிறார். அச்சிறுவர்களின் தாயராகிய உமட்டியரை அவர் எவ்வாறு அடையாளப்படுத்துகிறார் என்பதே கவனிக்கத்தக்கது. தோளையும் முதுகையும் மறைத்துத் தொங்கும், கோதி முடித்த ஐம்பால் கூந்தலை உடையவர்கள் அவர்கள். அவர்களுடைய இடைதான் வறுமைப்பட்டதாம், கூந்தலுக்கு வறுமையில்லை. பாட்டின் தொடக்கத்தில் வரும் விறலியரின் கூந்தலும் நெய் ஊறி இருண்டு, பெய்யும் மழையைப் போன்றிருக்கிறது.

உப்போடு தொடர்புடைய ஏழைப் பெண்ணொருத்தியின் தலைமுடியைத் தமிழ் இலக்கியம் ஒருமுறை நின்று பார்த்திருக்கிறது என்பதற்கு இது சான்று. அதன்பின் ஈராயிரம் ஆண்டுகளாக ஏறக்குறைய யாரும் பார்க்கவில்லை. சோழர் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கும் மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலில் கொடைகளைப் பற்றி அறியலாம். கிழக்கிந்தியக் கும்பெனி 1805-இல் சென்னை மாகாண உப்பைத் தன் முற்றுரிமையாக்கிய பிறகு எழுதப்பட்ட ஆவணங்களில் கரிசைக் கணக்கையும் வரிக் கணக்கையும் அறியலாம். பக்கிங்காம் கால்வாய் வெட்டப்பட்டு மரக்காணம்வரை நீண்டபோது அதில் சென்ற படகுகளைப் பற்றியும் படிக்கலாம். உப்புக்கூடையைச் சுமந்த தலையைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இருக்க வாய்ப்பில்லை. இலக்கிய வட்டத்தின் பத்தாமாண்டு மலரில் சீயக்காயையும் ஷாம்புவையும் பற்றியா எழுதுவது என்று அன்பர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஓர் ஊரின் பெண்கள் தம் தலையை எதனால் கழுவினார்கள், ஏன் அதை விட்டு இன்னொன்றுக்கு மாறினார்கள் என்பதும் வரலாறுதான் என்பது என் துணிபு.

முதலில் அளத்தின் நிலையைச் சொல்ல வேண்டும். கழிநீரையோ நிலத்தடி உவர்நீரையோ பாத்திகளில் தேக்கி, வெயிலில் வற்றவைத்து உப்பெடுப்பது இக்கரையின் முறை. உவரின் செறிவைப் போமே என்னும் பாகையால் அளப்பர். கடல்நீர் ஏறக்குறைய மூன்றரைப் பாகை. அது இருபத்தைந்தை எட்டும்போது உப்பு பூக்கத் தொடங்கும். தை, மாசியில் பாத்தி மிதித்துத் தொடங்கும் வேலை வடகிழக்குப் பருவமழை வரும்வரை நடக்கும். வெயிலுக்கு அஞ்சி, விடியலுக்கு நெடுநேரம் முன்னரே ஆட்கள் அளத்தில் இறங்கிவிடுவர். ஆண்கள் பலகையால் வாரிக் குவித்த உப்பைப் பெண்கள் கூடையில் ஏற்றித் தலைச்சுமையாகக் கரைமேட்டில் கொண்டுபோய்க் கொட்டுவர். ஈர உப்பு. கூடையிலிருந்து சொட்டும் நீர் சும்மாட்டை நனைத்து, சும்மாட்டின் கீழுள்ள கொண்டையை நனைத்து, பிடரியில் வழியும். வெயில் ஏறியதும் அந்நீர் காய்ந்து முடியின்மேல் வெண்பொடியாக நிற்கும். உப்பும் வெயிலும் சும்மாட்டின் உராய்வும் ஒன்றுசேர்ந்தால் முடி வறண்டு, நுனி பிளந்து, உச்சியில் உதிர்கிறது. மற்றவர்க்கு வாரம் ஒருமுறை போதுமான தலைக்குளியல் இவர்களுக்குப் போதாது.

ஆனால் குளிக்க நீர் எங்கே? உப்பு விளையும் மண்ணில் நன்னீர் அரிது. கிணற்றில் ஊறுவது பெரும்பாலும் உவர்நீரே. குடிக்கவும் சமைக்கவும் குடத்தில் கொண்டுவந்த நீரைத் தலையில் ஊற்றுவது ஆடம்பரம். நம் மரபு விதித்த எண்ணெய் முழுக்கோ தாராளமான நீரையும் தாராளமான பொழுதையும் எதிர்பார்ப்பது. பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும் என்று நாள் குறித்த முறை அது. நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்து ஊறவிட வேண்டும். சீயக்காயை அரைக்க வேண்டும். குடம் குடமாக நீர் ஊற்றித் திப்பி போக அலச வேண்டும். பிறகு சாம்பிராணிப் புகையில் உலர்த்த வேண்டும். நீண்ட கூந்தலுக்கு அரை நாள் வேலை இது. செவ்வாயும் வெள்ளியும் அளத்தில் கூலி நாட்கள். கூலியை விட்டுவிட்டு முழுகுவதற்கு எவராலும் இயலாது.

ஆகவே இக்கரையின் ஏழைப் பெண்கள் அம்மரபைத் தமக்கு ஏற்பச் சுருக்கிக்கொண்டனர். சீயக்காய் மலைப்பகுதிக் கொடியின் காய். இங்கு அதைக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். காசில்லாமல் கிடைத்தது அரப்பு. உசில் என்னும் மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த பொடி அது. சோழமண்டலக் கரையின் வறண்ட பசுமைமாறாக் காடுகளில் உசில் இயல்பாக வளர்வது. பொடியைச் சோறு வடித்த கஞ்சியில் கரைத்துத் தலையில் தேய்ப்பர். கஞ்சிக்கும் செலவில்லை. வேலியோரச் செம்பருத்தி இலையைக் கசக்கினால் வரும் வழவழப்பு முடியின் சிக்கை எடுக்கும். வேலைக்குப் போகுமுன் கைப்பிடியளவு எண்ணெயை முடியின் நுனிவரை தடவி, இறுகப் பின்னிக் கொண்டையிட்டு, அதன்மேல் துணியைச் சுற்றிக்கொள்வதும் இவர்கள் கண்ட வழியே. எண்ணெய் பூசிய முடியில் உப்புநீர் எளிதில் ஊறுவதில்லை. தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே புகுந்து அதன் புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்வதில்லை என்றும் மும்பை ஆய்வாளர்கள் இருவர் 2003-இல் வெளியிட்டனர். அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சார்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். எனினும் அளத்துப் பெண்களின் பழக்கத்துக்கு அம்முடிவு முரணன்று.

இடையில் கட்டிச் சவர்க்காரம் வந்தது. உடம்புக்கு அது வெற்றி பெற்றது. இக்கரையின் தலைமுடிக்குத் தோற்றது. காரணம் எளிது. உவர்நீரிலும் கடினநீரிலும் உள்ள சுண்ணமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு கூடிக் கரையாத பிசுக்காகிவிடும். நுரை வராது, முடி சடையாகத் திரியும். அரப்பிலும் சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள நுரைப்பொருள் அத்தகையதன்று. எந்த நீரிலும் ஒருவாறு வேலை செய்யும். ஆனால் அவற்றின் திப்பியைப் போக்க நீர் மிகுதியாக வேண்டும். சவர்க்காரத்துக்கு நல்ல நீர் வேண்டும், அரப்புக்கு நிறைய நீர் வேண்டும். மரக்காணத்து அளக்கரையில் இரண்டுக்கும் பஞ்சம். இந்த இடைவெளியில்தான் ஷாம்பு நுழைந்தது.

ஷாம்பு என்னும் சொல்லே நம் நாட்டிலிருந்து போனது. பிடித்துவிடு, அமுக்கு எனப் பொருள்படும் இந்திச் சொல்லின் திரிபு அது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடம்புபிடித்தலும் நடத்தி, அச்சொல்லை ஆங்கிலேயர் நாவில் நிலைநிறுத்தினார். பின்னர் அதன் பொருள் தலைகழுவுதல் என்று மாறியது. 1903-இல் பெர்லின் நகரத்து ஹான்ஸ் ஷ்வார்ஸ்கோஃப் நீரில் கரையும் தலைகழுவு பொடியைச் சிறு தாள் உறைகளில் இட்டு விற்றார். சிறு உறை என்பது புதிய எண்ணமன்று. எனினும் இந்தியாவில் 1970-கள்வரை ஷாம்பு புட்டியில் அடைபட்டு, வசதியுள்ளோர் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை.

அதை வெளியே கொண்டுவந்தவர் நம் பக்கத்து ஊர்க்காரர். மரக்காணத்திலிருந்து தெற்கே கரையோரமாகப் புதுச்சேரியைக் கடந்து சுமார் 60 கிலோமீட்டர் சென்றால் கடலூர். அவ்வூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் சிறிய அளவில் பொருள்களைப் பொட்டலமிட்டு விற்பதில் நாட்டம் கொண்டவர். செல்வர் பயன்படுத்துவதைக் கூலித் தொழிலாளியும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பது தம் தந்தையின் எண்ணம் என்று அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் பின்னாளில் பேட்டிகளில் கூறியிருக்கிறார். ஒரு முறைக்குப் போதுமான ஷாம்புவைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு வெல்வெட் என்ற பெயரில் அக்குடும்பம் விற்றது. குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்த ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலில் தம் சொந்தத் தொழிலைத் தொடங்கினார். தந்தையின் பெயரை நினைவூட்டும் சிக் என்னும் பெயரை ஷாம்புவுக்கு இட்டார். காலி உறைகளைக் கடையில் கொடுத்தால் புது உறை ஒன்று இனாம் என்ற அவருடைய திட்டம் சிற்றூர்களில் பரவியது. மல்லிகை மணமும் ரோஜா மணமும் சேர்ந்தன. பூ வாங்கக் காசில்லாத தலைக்கு மணம் மட்டுமாவது கிடைத்தது என்று நான் நினைப்பதுண்டு. 1998-இல் அந்நிறுவனம் கெவின்கேர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1999-இல் 50 காசு உறை வந்தது. அதே நிறுவனம் சீயக்காய் கலந்த பொடியையும் மீரா என்ற பெயரில் பொட்டலமாக்கி விற்றது. காட்டில் இலவசமாகக் கிடைத்ததை ஒத்த பொருளுக்கு இப்போது விலை வந்துவிட்டது.

இதை வெறும் விளம்பர மயக்கம் என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. ஷாம்புவின் நுரைப்பொருள் கடினநீரிலும் நுரைக்கும்; பிசுக்கு விடாது; அரப்பைவிடக் குறைந்த நீரில் அலசிப் போகும்; கால்மணி நேரத்தில் வேலை முடியும். அன்றன்று கூலி வாங்குபவளுக்கு மாதச் செலவாகப் புட்டி வாங்க முடியாது. அன்றைய சில்லறையில் ஓர் உறை வாங்க முடியும். நீர், பொழுது, காசு என்னும் மூன்று நெருக்கடிக்கும் ஒரே நேரத்தில் விடை சொன்ன பொருள் அதற்கு முன் அவளிடம் வந்ததில்லை. அதே வேளையில் உசில் மரங்களும் குறைந்துவந்தன. கரையோரக் காடுகள் அழிந்து, அவ்விடத்தைச் சவுக்கும் முந்திரியும் பிடித்துக்கொண்டன. இயற்கைக் காட்டின் எச்சங்கள் கோயிற்காடுகளாகவும், அருகே ஆரோவில்லில் 1968-க்குப் பின் நட்டு வளர்க்கப்பட்டவையாகவும் மட்டுமே பெரும்பாலும் எஞ்சியுள்ளன. இலை பறிக்க நடந்துபோக வேண்டிய தொலைவு கூடக்கூட, பெட்டிக்கடை நெருங்கி வந்தது.

இந்நெருக்கடி நம் கரைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் விடுதலை பெற்ற அடிமைகளின் மகளாக 1867-இல் பிறந்த சாரா பிரீட்லவ் பல ஆண்டுகள் துணிவெளுத்துப் பிழைத்தவர். வீட்டில் குழாய்நீர் இல்லாத கறுப்பினப் பெண்கள் அடிக்கடி தலைகழுவ இயலாமல் உச்சிப்புண்ணாலும் முடியுதிர்வாலும் துன்புற்றனர்; அவருக்கும் முடி கொட்டியது. அதற்கென ஒரு களிம்பைச் செய்து வீடுவீடாக விற்றுத் தொடங்கிய அவர், மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் பெருந்தொழில் நடத்தி, தம் இனப் பெண்கள் ஆயிரக்கணக்கானோரை விற்பனையாளராக்கினார். துன்புற்றவளே தொழிலதிபரானது அங்கு நடந்தது. இங்கு உறையால் வளம் பெற்றவர்களில் அளத்துப் பெண் எவரும் இல்லை. அவள் வாங்குபவளாகவே இருந்துவிட்டாள். இரு வரலாறுகளுக்கும் இடையே எனக்குப் பட்ட பெரிய வேறுபாடு இதுதான்.

உறைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பல அடுக்குப் படலத்தால் ஆன அதைப் பழைய பொருள் வாங்குபவர் எடுப்பதில்லை. காலி உறைகளை வாங்கிக்கொள்ளும் இனாம் திட்டங்கள் முடிந்த பிறகு, அவை கால்வாயிலும் கழிமுகத்திலும் சேர்கின்றன. கழுவேலி நீர்நிலை 2021-இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அதன் நீர் கடலைச் சேரும் வழியில்தான் இந்த அளங்களும் இருக்கின்றன. சீப்பில் கழிந்த முடிக்கேனும் விலை உண்டு. தெருவில் வரும் வியாபாரி அதை எடை போட்டு வாங்கிச் சவுரிக்கு அனுப்புகிறார். அம்முடியைக் கழுவிய உறைக்கு விலையில்லை.

ஐப்பசியில் மழை இறங்கியதும் அளம் நீரில் மூழ்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணமும் வெள்ளக்காடானது. அம்மாதங்களில் குளங்களிலும் கிணறுகளிலும் நல்ல நீர் நிறைந்திருக்கும், பொழுதும் நிறைய இருக்கும், கூலிதான் இராது. உப்பளத் தொழிலாளருக்கு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை அண்மை ஆண்டுகளில் அரசு தொடங்கியிருக்கிறது. அது அரிசிக்கும் பள்ளிச் செலவுக்கும் போய்விடும். அப்போது கஞ்சியும் செம்பருத்தி இலையும் சில வீடுகளில் திரும்பி வருகின்றன. கிழவியர் பேத்தியரை முற்றத்தில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்து, பேன் சீப்பால் வாரி, அரைத்த இலையைத் தலையில் அப்புகின்றனர். தை பிறந்து, பாத்தி மிதிக்க ஆள் கூப்பிட்டதும், கடைவாசலில் சரமாகத் தொங்கும் உறைகளில் ஒன்றைக் கிழித்து வாங்கிக்கொண்டு அவர்கள் வீடு திரும்புகின்றனர்.