இசைத்தட்டும் முள்ளும் – ஒரு சின்ன வரலாறு

திருவண்ணாமலை மாதிரி ஊர்களில் ஒரு காலத்தில் கல்யாணம் என்றாலே ரேடியோ செட் வந்துவிடும். கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி இசைத்தட்டைச் சுழலவிட்டால் தெருவே பாடும்! அந்தத் தட்டுகளில் சில இன்னும் பரண்களில் தூங்குகின்றன. அவற்றை மறுபடி கேட்க ஆசைப்பட்டு, விலை உயர்ந்த போனோ ப்ரீஆம்ப் வாங்கியும் ஏமாந்து போகிறவர்கள் உண்டு. காரணம் வரலாற்றில் இருக்கிறது.

1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டு பதிவானது. 1908-ல் அங்கேயே தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலையும் வந்தது. 1916-ல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி சுமார் பத்து வயதில் பாடிய முதல் தட்டும், நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத் தட்டுதான். எல்.பி. தட்டு 1948-ல்தான் அமெரிக்காவில் பிறந்தது.

தட்டில் கனத்த ஒலியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாகி இடம் போதாது. அதனால் அதைக் குறைத்தும், மெல்லிய உச்ச ஒலியைக் கூட்டியும் பதிவு செய்வார்கள். கேட்கும்போது அதைத் திருப்பிப் போட்டுச் சமன் செய்வது ப்ரீஆம்பின் வேலை. எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு இருந்தது. 1954-ல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவு வந்த பிறகுதான் அது ஒரு வழிக்கு வந்தது. 1963-ல் வந்த எம்.எஸ்.ஸின் சுப்ரபாதம் எல்.பி.க்கு இன்றைய ப்ரீஆம்ப் பொருந்தும். 1930-களின் தட்டுக்கு அதே ப்ரீஆம்ப் போட்டால் குரலே மாறிவிடும்!

அடுத்தது கார்ட்ரிட்ஜ். பழைய வீட்டு ப்ளேயர்களில் பெரும்பாலும் செராமிக் வகை. அது நூறு மில்லிவோல்ட்டுக்கு மேலேயே தரும். ப்ரீஆம்பே தேவையில்லை, மாட்டினால் ஒலி கரகரக்கும். மூவிங் மேக்னட் வகை தருவது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். அதை நூறு மடங்கு பெருக்க வேண்டும், 47 கிலோ ஓம் சுமையும் வேண்டும். மூவிங் காயில் வகையோ இன்னும் கஞ்சம். ஜப்பான் வானொலிக்காக 1960-களில் உருவான டெனான் டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட்தான். அதற்கு ஆயிரம் மடங்கு பெருக்கமும், இரைச்சல் இல்லாத சுற்றும் தேவை. விலை ஏறுவது இங்கேதான்.

முள்ளையும் மறக்கக் கூடாது. 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு முனை வேண்டும். எல்.பி. முனை அதில் மூன்றில் ஒரு பங்குதான். மாற்றிப் போட்டால் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சல்தான் கேட்கும்.

ஆக, கடைக்குப் போகும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கார்ட்ரிட்ஜ் எந்த வகை? எத்தனை மில்லிவோல்ட்? தட்டு எந்த வருடத்தது? விலை நான்காவது கேள்விதான். 1954-க்கு முந்தைய தட்டுகள் நிறைய இருந்தால், சமன் அளவை மாற்றும் வசதி உள்ள ப்ரீஆம்பே பயன்படும்.

"தட்டு கெட்டுப்போச்சு" என்று பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் இதையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். கெட்டது தட்டாக இல்லாமலும் இருக்கலாம்... போட்டுவிட்டால் அந்தக் குரல் திரும்பி வராது.