முதலில் எதைப் படிப்பது?

உயர்தரம் முடித்த நமது பிள்ளைகள், இணையத்தளத்தின் பின்புல வேலைக்கு லாரவெல் படிப்பதா, ஜாங்கோ படிப்பதா என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்வது நம் நாட்டில் நடந்த ஒரு வரலாறு.

2004 டிசம்பர் 26இல் சுனாமி கல்லடி, நாவலடி, காத்தான்குடி என்று நம் கரையையும் நாட்டையும் தாக்கியது. காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணம் எல்லாவற்றையும் பதிய, நமது நாட்டுக் கணினித் தொண்டர்கள் சில வாரங்களில் 'சஹானா'வை எழுதினார்கள். அன்று லாரவெல் இல்லை. ஜாங்கோ வெளிவந்ததே 2005இல். அவர்கள் எடுத்தது பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும். இரண்டும் இலவசம், பலருக்கும் பழக்கமானவை, சாதாரணக் கணினியிலும் ஓடுபவை.

பிறகு சஹானா ஈடன், பைதனில் வெப்டூபை சட்டகத்தில் புதிதாக எழுதப்பட்டு, 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. ஆட்களையும் முகாம்களையும் பிழையின்றிப் பதியும் அறிவு அங்கேயும் கைகொடுத்தது.

ஆகவே, சொல்லித்தரப் பக்கத்தில் ஆள் இருப்பதை எடுங்கள். அதில் ஊருக்கு உதவும் ஒன்றைச் செய்து முடியுங்கள்.