குழலின் எடையும் அதைச் சுமந்த தோள்களும்

தொலைவிலுள்ள இலக்கைப் பிழையின்றி அடிக்கத் துப்பாக்கிக் குழல் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்பது இன்று பொறியியல் வினாவாகவே கேட்கப்படுகிறது. இந்திய, இலங்கை வேட்டை வரலாற்றோடு வைத்துப் பார்த்தால், அதற்குள் இன்னும் இரு வினாக்கள் அடங்கியிருப்பது தெரியும். அந்தக் கனம் எதற்காகத் தேவைப்பட்டது? அதைச் சுமந்தவர் யார்? முதல் வினாவுக்கான விடை காலந்தோறும் மாறியிருக்கிறது. இரண்டாவது வினா பெரும்பாலும் கேட்கப்படவே இல்லை.

அக்பரின் துப்பாக்கிப் பட்டறையை அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் விவரிக்கிறார். முன்பு இரும்பைத் தட்டையாக அடித்து, இரு விளிம்புகளையும் ஒட்டிக் குழல் செய்தனர். வெடித்துவிடும் என்பதால் கால்பங்குக்கு மேல் மருந்து நிரப்ப இயலவில்லை. பின்னர் தகட்டைச் சாய்வாகச் சுருட்டி, மடிப்பின்மேல் மடிப்பு படியுமாறு காய்ச்சி இணைக்கும் முறை வந்தது. வாய்வரை நிரப்பிச் சுட்டாலும் அக்குழல் தாங்கியது. மூல இரும்பின் எடை, செய்து முடித்தபின் எடை, இரும்பு வந்த இடம், செய்த தொழிலாளி, செய்த ஊர், நாள், வரிசை எண் ஆகியவை துப்பாக்கியில் பொறிக்கப்பட்டன. இங்கே எடை என்பது முதன்மையாகச் சுடுபவரின் உயிர்க்காப்பு. குறி தவறாமை அதற்குப் பின்வருவதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் எடைக்கு வேறொரு காரணம் இருந்தது. நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், 1840இல் பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் பட்டறையில் தாம் வடிவமைத்துச் செய்வித்த ரைபிளைப் பற்றி எழுதியிருக்கிறார். அதன் எடை 21 இராத்தல், ஏறத்தாழ 9.5 கிலோ. குழலின் நீளம் 36 அங்குலம். ஒருமுறை சுட 16 டிராம், அதாவது ஒரு அவுன்ஸ் மருந்து. யானை வேட்டைக்கென அவர் வைத்திருந்த இன்னொரு ஒற்றைக்குழல் ரைபிள் 16 இராத்தல். இத்தனை மருந்தின் பின்னுதைப்பை இலேசான துப்பாக்கியோடு தோள் தாங்காது. துப்பாக்கியின் எடை கூடக்கூடப் பின்னுதைப்பின் வேகம் குறையும். ஆகவே பேக்கரின் கனம் முதலில் தோளுக்கான காப்பு. அந்த இரண்டு துப்பாக்கிகளும் சேர்ந்தாலே ஏறத்தாழ 17 கிலோ. வாய்வழி மருந்து கெட்டிக்கும் காலம் அது. சுட்டவுடன் அடுத்த துப்பாக்கி கைக்கு வரவேண்டும். எனவே நிரப்பிய துப்பாக்கிகளைச் சுமந்துகொண்டு உள்ளூர் ஆட்கள் காடு மேடெல்லாம் பின்தொடர்ந்தனர்.

புகையற்ற மருந்தும் சிறிய துளையும் வந்தபின் பின்னுதைப்புச் சிக்கல் பெரிதும் தணிந்தது. குழலின் அதிர்வும் வெப்பமும் முன்னுக்கு வந்தன. குண்டு வெளியேறும் கணத்தில் குழல் அதிர்கிறது. முனை எத்திசையில் நிற்கிறதோ அத்திசையில் குண்டு செல்கிறது. அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரேபோல் நிகழ்ந்தால் தீங்கில்லை, மாறினால்தான் குறி சிதறும். 7.6 மில்லிமீட்டர் துளையும் 60 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட இரு எஃகுக் குழல்களை எடுத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 16 மில்லிமீட்டரானால் எடை சுமார் 730 கிராம். 22 மில்லிமீட்டரானால் சுமார் 1.6 கிலோ. எடை இருமடங்கைச் சற்றே தாண்ட, வளையாத விறைப்போ ஏறத்தாழ 3.7 மடங்காகிறது. விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைச் சார்ந்தது என்பதே காரணம். நீளத்தைக் குறைப்பது இன்னொரு வழி: அதே குழலை 50 சென்டிமீட்டராக வெட்டினால், எடை குறைந்தும் விறைப்பு 1.7 மடங்காகும். ஆனால் குண்டின் வேகம் ஓரளவு குறையும்.

கனமான குழல் மெதுவாகச் சூடேறும் என்பதும் உண்மையே. ஆயினும் இந்த நன்மை தொடர்ந்து பல குண்டுகள் சுடுபவருக்கு உரியது. வேட்டைக்காரர் சுடுவது பெரும்பாலும் குளிர்ந்த குழலிலிருந்து ஒன்றோ இரண்டோ. நன்கு செய்து கட்டையில் பிசகின்றிப் பொருத்திய இலேசான குழல் அதற்குப் போதும். படைத்துப்பாக்கிகளிலும் இதே இழுபறி நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லீ-என்ஃபீல்டின் குழல் 30.2 அங்குலத்திலிருந்து 25.2 அங்குலமாகக் குறுக்கப்பட்டபோது குறிசுடுவோர் குறை கூறினர். இரண்டாம் உலகப் போர்க்காலத்து நான்காம் எண் ரைபிளில் பிரிட்டன் மீண்டும் கனமான குழலுக்குச் சென்றது. வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையோ பழைய இலேசான வடிவத்தையே தொடர்ந்தது.

ஹைதராபாத் அரசின் வேட்டைகள் இவ்வரலாற்றின் இன்னொரு பக்கம். 1902இல் வாரங்கல் பகுதியின் நெக்கொண்டாவில் கர்சன் பிரபு தாம் வீழ்த்திய புலியுடன் நிற்பதை லாலா தீன் தயாள் படம் பிடித்தார். இத்தகைய வேட்டைகளில் புலியைக் கலைத்து, துப்பாக்கி இருக்குமிடத்துக்கே விரட்டிவரப் பெருங்கூட்டம் பணியாற்றும். அங்கே தொலைவைக் குறைத்தது மனித உழைப்பு. நீண்ட தொலைவுக்கான துல்லியம் அவ்வேட்டைக்குத் தேவைப்படவே இல்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வகை வேட்டைக்கு முடிவு கட்டியது. குழலின் எடை பற்றிய வினா இன்று காட்டைவிட்டுச் சுடுதளத்துக்கு வந்துவிட்டது. கொண்டாப்பூரை அடுத்த ஹைதராபாத் பல்கலைக்கழகப் பகுதியில் அத்தகைய தளம் ஒன்று உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ககன் நாரங் இந்நகரில் வளர்ந்தவர். அவர் சுட்ட 10 மீட்டர் காற்று ரைபிளுக்கு 5.5 கிலோ உச்ச வரம்பு. 300 மீட்டர் ரைபிளுக்கு 8 கிலோ. காற்று ரைபிளில் மருந்தின் வெப்பமும் இல்லை, பொருட்படுத்தத்தக்க பின்னுதைப்பும் இல்லை. அங்கே எடை உடலின் சிறு நடுக்கத்தை அடக்கவே உதவுகிறது. அதைச் சுமப்பவரும் சுடுபவரும் ஒருவரே.

அந்தச் சமன்பாடு வேட்டைக்காலத்தில் இல்லை. சுமை வேறொருவர் தோளில் இருந்தவரை, எடைக்கு மேல்வரம்பு வைக்க வேட்டைக்காரருக்குப் பெரிய தேவை எழவில்லை. பேக்கரின் 21 இராத்தலைத் தொழில்நுட்பத் தரவாக மட்டும் படித்தால் இந்த உண்மை தப்பிவிடும். அது கூலியின், அதிகாரத்தின் அளவும்கூட. அக்பரின் துப்பாக்கி, இரும்பின் எடையோடு அதைச் செய்தவரையும் பதிவு செய்தது. பின்வந்த வேட்டைநூல்கள் எடையை இராத்தல் கணக்கில் துல்லியமாகச் சொல்கின்றன. சுமந்தவர்களின் பெயரை அரிதாகவே சொல்கின்றன. படைக்கலங்களின் சமூக வரலாற்றை எழுத முனைவோர் அந்த இடைவெளியிலிருந்து தொடங்கலாம்.