சங்கக்காரவின் ஓட்டங்களும் உரையும்

மத்திய மலைநாட்டின் வடபுறத்தே அமைந்த மாத்தளை மாவட்டம் இலங்கை வரலாற்றில் பலவாறாகப் பேசப்படுவது. திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற இடமெனப் போற்றப்படும் அலுவிகாரை இங்குள்ளது. 1848ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்கெதிரான கிளர்ச்சி இங்கு மூண்டது. மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களை நாடி நடந்துவந்த பாதையும் தம்புள்ளை, மாத்தளை வழியாகவே சென்றது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இம்மாவட்டத்தின் தலைநகரில் 1977ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆம் நாள் பிறந்தவரே குமார் சங்கக்கார.

டெஸ்ட் போட்டிகளில் 12,400 ஓட்டங்கள், 38 சதங்கள். ஒருநாள் போட்டிகளில் 14,234 ஓட்டங்கள், 25 சதங்கள் என்னும் எண்கள் கிரிக்கெட் ஆர்வலர் பலரும் அறிந்தவை. எனினும் எண்களை மட்டும் கொண்டு ஒரு விளையாட்டு வீரரை மதிப்பிட்டால் அவர் வாழ்ந்த காலம் நம் பார்வைக்கு அகப்படாது போய்விடும். சங்கக்காரவின் பிள்ளைப்பருவமும் கல்விப்பருவமும் ஆட்டவாழ்வின் முற்பகுதியும் இந்நாட்டின் இனப்போர்க் காலத்துள் அடங்குவன. அத்தகைய நாட்டில் ஓர் ஆட்டக்காரரின் புகழ் எதற்குப் பயன்பட்டது என்னும் வினாவே இங்கு ஆராயப்படுகிறது.

சங்கக்காரவின் தந்தையார் வழக்கறிஞர். குடும்பம் கண்டியில் வாழ்ந்தது. 1983 ஜூலையில் தமிழர்மீது வன்செயல் கட்டவிழ்த்துவிடப்பட்டபோது தந்தையார் தமிழ் நண்பர்களுக்குத் தம் இல்லத்தில் அடைக்கலம் அளித்தார். ஐந்து வயதுச் சிறுவனாயிருந்த சங்கக்காரவுக்கு அதன் பொருள் விளங்கவில்லை. விளையாட்டுத் தோழர் அனைவரும் தன் வீட்டிலேயே தங்கியிருப்பது கண்டு மகிழ்ந்து, ஆண்டுதோறும் இவ்வாறு நிகழுமா எனத் தந்தையாரிடம் அச்சிறுவன் வினவினான். இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் உலகறிய எடுத்துரைத்தவரும் சங்கக்காரவே. அது பின்னர்க் கூறப்படும்.

கண்டி திரித்துவக் கல்லூரியில் பயின்று, சிறந்த மாணவருக்குரிய றைட் தங்கப் பதக்கத்தைப் பெற்ற அவர், கொழும்புப் பல்கலைக்கழகத்திற் சட்டம் கற்கத் தொடங்கினார். ஆட்டம் அழைத்தமையால் அக்கல்வி நிறைவுறவில்லை. 2000ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், காலி மைதானத்தில், முதலில் பாகிஸ்தானுக்கெதிரான ஒருநாள் போட்டியிலும் பின்னர்த் தென்னாபிரிக்காவுக்கெதிரான டெஸ்ட் போட்டியிலும் அறிமுகமானார். அப்போது அவர் துடுப்பாட்டத்தோடு விக்கெட் காப்பாளர் பணியையும் ஏற்றிருந்தார்.

விக்கெட் காப்பு புகழ் குறைந்த, உழைப்பு மிகுந்த தொழிலாகும். நாள் முழுவதும் ஒவ்வொரு பந்துக்கும் குனிந்தெழ வேண்டும். நூறு பந்துகளைச் செவ்வனே பற்றியவர் ஒன்றைத் தவறவிட்டால் அந்த ஒன்றே பேசப்படும். முத்தையா முரளிதரன் பந்து வீசும்போது இப்பணி மேலும் கடினமாயிற்று. பந்து எத்திசையில் திரும்பும் என்பதை அவருடைய மணிக்கட்டின் அசைவிலிருந்தே காப்பாளர் உணர்ந்துகொள்ள வேண்டும். துடுப்பாட்டக்காரரை ஏமாற்றும் பந்து காப்பாளரை ஏமாற்றலாகாது. கண்டித் தமிழரின் பந்தை மாத்தளையிற் பிறந்த சிங்களவர் விக்கெட்டின் பின்னின்று பற்றிய காட்சி இலங்கைக் கிரிக்கெட்டில் பல ஆண்டுகள் நாள்தோறும் நிகழ்ந்ததொன்று. ஒருநாள் போட்டிகளில் 383 பிடிகளும் 99 ஸ்டம்பிங்குகளுமாக 482 பேரை ஆட்டமிழக்கச் செய்து, காப்பாளருள் முதலிடத்தை அவர் பெற்றார்.

டெஸ்ட் போட்டிகளில் இவ்விரட்டைச் சுமை துடுப்பாட்டத்தைப் பாதித்தது. காப்பாளராக ஆடிய 48 போட்டிகளில் அவரது சராசரி 40.48, கையுறையைக் கழற்றிய பின் ஆடிய 86 போட்டிகளில் அது 66.78. ஆற்றலைப் பெருக்கிக்கொள்ள, கைவந்த ஒரு பணியைத் துறக்கவும் வேண்டும் என்பதற்கு இவ்விரு எண்களே சான்று. 2006 ஜூலையில் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தென்னாபிரிக்காவுக்கெதிராக இரண்டு விக்கெட்டுகள் 14 ஓட்டங்களுக்கு வீழ்ந்த வேளையில் இணைந்த அவரும் மகேல ஜயவர்தனவும் 624 ஓட்டங்களைச் சேர்த்தனர். முதல்தர ஆட்ட வரலாற்றில் எந்த விக்கெட்டுக்கும் அதற்குமுன் அத்துணை ஓட்டங்கள் சேர்க்கப்பட்டதில்லை. சங்கக்கார 287, ஜயவர்தன 374. மறு ஆண்டு ஹோபார்ட்டில் அவுஸ்திரேலியாவுக்கெதிராகப் பெற்ற 192 ஓட்டங்கள் தோல்வியில் முடிந்த ஆட்டத்திற்குரியன. தோளிலும் தலைக்கவசத்திலும் பட்ட பந்துக்கு நடுவர் தவறாக ஆட்டமிழப்பு வழங்க, அவர் களம்விட்டு அகன்றார்.

2009இல் அணித்தலைமையை ஏற்றார். அதற்குச் சற்று முன்னர், அவ்வாண்டு மார்ச் 3ஆம் நாள், லாகூரில் இலங்கை அணியின் பேருந்து துப்பாக்கிதாரிகளின் தாக்குதலுக்குள்ளாயிற்று. காயமுற்றோருள் அவரும் ஒருவர். அவரது தலைமையின்கீழேயே 2010 ஜூலையில் காலியில் முரளிதரன் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டைப் பெற்று விடைபெற்றார். மறுமாதம், பிறந்த மாவட்டத்தின் தம்புள்ளை மைதானத்தில் ஒரு களங்கமும் நேர்ந்தது. இந்திய வீரர் ஷேவாக் 99 ஓட்டங்களுடன் நிற்க, சுராஜ் ரந்திவ் வேண்டுமென்றே முறையற்ற பந்தை வீசி அவரது சதத்தைத் தடுத்தார். ரந்திவுக்கு ஒரு போட்டித் தடையும் டில்ஷானுக்கு அபராதமும் விதிக்கப்பட்டன. தலைவர் தண்டிக்கப்படாவிடினும், அவர் தலைமை தாங்கிய அணியின் செயல் என்பதை வரலாறு மறைத்தல் தகாது. 2011 ஏப்ரலில் மும்பை உலகக்கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவிடம் தோற்ற சில நாள்களில் அவர் தலைமையைத் துறந்தார்.

அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் லோர்ட்ஸில் அவர் நிகழ்த்திய கௌட்ரி நினைவுப் பேருரை அவர்தம் வாழ்வின் சிகரமெனலாம். சர்வதேச ஆட்டத்தில் ஈடுபட்டிருக்கும்போதே அவ்வுரையை ஆற்றிய முதல்வர் அவரே. 1983ஆம் ஆண்டின் வீட்டு நிகழ்ச்சியை அங்கு அவர் நினைவுகூர்ந்தார். லாகூர்த் தாக்குதலின்பின் சோதனைச்சாவடியில் தம்மை நலம் விசாரித்த ஒரு படைவீரனின் அன்பை எடுத்துரைத்தார். 1996 உலகக்கிண்ண வெற்றிக்குப் பின்னர்க் கிரிக்கெட் நிர்வாகத்திற் புகுந்த சீர்கேடுகளை அஞ்சாது சாடினார். தம்மைத் தமிழர், சிங்களவர், முஸ்லிம், பறங்கியர் என அனைத்து அடையாளங்களோடும் பொருத்திக் கூறி உரையை நிறைவு செய்தார். அவையோர் எழுந்து நின்று ஆரவாரித்தனர். விளையாட்டுத்துறை அமைச்சரோ விசாரணைக்குப் பணித்தார். அணியில் தொடர்ந்து ஆடவிருந்த ஒருவர் தம்மைத் தெரிவுசெய்யும் நிர்வாகத்தையே குறைகூறினார் என்பதில்தான் அவ்வுரையின் துணிவு விளங்குகிறது.

எனினும் ஓர் உரையின் எல்லையையும் நாம் உணர்தல் வேண்டும். கிரிக்கெட் இனங்களை இணைக்கும் என்னும் கருத்து இனியதே. ஆயின் நாட்டின் அணியில் நெடுங்காலம் நிலைத்த தமிழர் மிகச் சிலர். போர்க்கால வடகிழக்கு இளைஞருக்குத் தேசிய ஆட்டக்களம் எட்டாத் தொலைவில் இருந்தது. நால்வகை அடையாளத்தையும் தாமே விரும்பி ஏற்பது பெருந்தன்மை. தன் ஒரே அடையாளத்திற்காகத் துரத்தப்பட்டவனுக்கு அவ்விருப்பம் வாய்ப்பதில்லை. 1983இல் அடைக்கலம் தேடியோருக்கு வேண்டியிருந்தது திறந்த கதவொன்றே. அக்கதவைத் தந்தையார் திறந்தார். அது திறக்கப்பட வேண்டி வந்த காரணத்தை மைந்தர் உலகின் முன் மறைக்கவில்லை. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்போதே உரையின் மதிப்பு புலப்படும்.

இருவகை உலகக்கிண்ணங்களிலும் நான்கு இறுதியாட்டங்களில் தோல்வி கண்ட அவர், 2014 ஏப்ரலில் டாக்காவில் இந்தியாவுக்கெதிராக ஆட்டமிழக்காது 52 ஓட்டங்கள் பெற்று இருபது ஓவர் உலகக்கிண்ணத்தை வென்றளித்தார். 2015 உலகக்கிண்ணத்தில் தொடர்ச்சியாக நான்கு சதங்கள் அடித்தார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இறுதி டெஸ்டை ஆடினார். அத்தொடரின் நான்கு இன்னிங்ஸ்களிலும் அவரை வீழ்த்தியவர் சென்னைத் தமிழரான அஸ்வின். விடைபெறும் விழாவில் நாட்டின் சனாதிபதி பிரித்தானியாவுக்கான உயர்ஸ்தானிகர் பதவியை வழங்க முன்வந்தபோது அவர் அதனை ஏற்கவில்லை. 2019இல் மெரில்போன் கிரிக்கெட் கழகத்தின் தலைவரானார். பிரித்தானியரல்லாத ஒருவர் அப்பதவியை வகித்தது அதுவே முதன்முறை.

பிரட்மனின் 12 இரட்டைச் சதங்களை எட்ட ஒன்று குறைய, 11 இரட்டைச் சதங்களுடன் சங்கக்கார நின்றார். சாதனைகள் முறியடிக்கப்படுவதற்கென்றே உள்ளவை. அவரது எண்களும் ஒருநாள் பின்தள்ளப்படலாம். ஆனால் ஐந்து வயதில் விளங்காத ஒன்றை முப்பத்து மூன்று வயதில் விளங்கிக்கொண்டு, அதனைச் சொல்வதற்குத் தம் புகழைப் பயன்படுத்தினார் என்னும் செய்தி, 1983ஐ நினைவிற் கொண்டுள்ள மக்களிடையே எஞ்சி நிற்கும்.